செவலை குட்டி போட்ட இரவு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கால்நடை மருந்தகம் ஒன்றில் 22 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள் நான். நாய்களின் பிரசவத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான். பயப்பட வேண்டாத ஒன்றைப் பார்த்து அலறுகிறோம். பதற வேண்டிய நேரத்தில் “பாவம், களைப்பா இருக்கு, படுத்திருக்கட்டும்” என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு டிசம்பர் இரவு. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் ஒரு மரப்பட்டறை. அதன் மாடியிலேயே தங்கி வேலை பார்க்கும் தம்பி, புதுக்கோட்டைப் பக்கம். ஞாயிறுதோறும் அங்கே தெருநாய்களுக்குச் சோறு வைக்கப் போவேன், அதனால் என் எண் அவரிடம் இருந்தது.

“அக்கா, செவலை பலகைக்கு அடியில குட்டி போடுது. குட்டி தலைகீழா வருதுக்கா!”

அந்த மழையில் நான் போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். அதுவரை என் குரல் மட்டும்தான் அவருக்குத் துணை. இப்போது உங்களுக்கும் நான் வெறும் குரல்தானே? அதனால் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கேட்டேன்: “கால் தெரியுதா, வால் மட்டும் தெரியுதா?”

“ரெண்டு காலும் தெரியுதுக்கா.”

எனக்குப் பாதி உயிர் வந்தது. மனிதக் குழந்தை கால் முன்னால் வந்தால் மருத்துவமனையே பரபரக்கும். நாய்க்கு அப்படியில்லை. பத்துக் குட்டிகளில் நான்கு பின்னங்கால் முன்னால் நீட்டித்தான் பிறக்கும். அது இயல்பு. கால்கள் வயிற்றோடு மடங்கி, வாலும் பிட்டமும் மட்டும் வந்து அடைத்துக்கொண்டால்தான் ஆபத்து. அதற்கு மருத்துவர் கை வைக்க வேண்டும். கால் தெரிந்தால் பொறுங்கள், வால் மட்டும் தெரிந்தால் கிளம்புங்கள். இன்னொரு முறை சொல்கிறேன்: கால் என்றால் பொறுங்கள், வால் மட்டும் என்றால் கிளம்புங்கள்.

“இழுக்கவாக்கா?” “தொடாதே தம்பி, அவ முக்கட்டும்.” நாலைந்து நிமிடத்தில் குட்டி வழுக்கிக்கொண்டு விழுந்தது. பனிக்குடப் பை கிழியாமலே, கண்ணாடித்தாளில் சுற்றிய பொட்டலம் மாதிரி. செவலைக்கு அது தலைப்பிரசவம். என்ன செய்வதென்று தெரியாமல் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். தாய் உடனே பையைக் கிழிக்காவிட்டால் நாம் கிழிக்க வேண்டும், அதுவும் மூக்குப் பக்கத்திலிருந்து. உள்ளே இருக்கும்வரை குட்டியால் மூச்சு இழுக்க முடியாது.

கைபேசியைப் பலகைமேல் வைத்துவிட்டு அவர் கிழித்தார். “அசையலக்கா.” “உன் கைலியால மூக்கு, வாயத் துடை. தலையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடி. முதுகையும் நெஞ்சையும் துடைச்சிக்கிட்டே இரு, நிறுத்தாதே.” முன்பெல்லாம் குட்டியைக் கையில் பிடித்து வீசி ஆட்டுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள், மூளையில் அடிபடும். துடைப்பதுதான் வழி, தாய் நக்கிவிடுவதைத்தான் துணியால் செய்கிறோம்.

தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை நிமிடமோ தெரியாது, என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு எலி கீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தத் தம்பி அழுதுவிட்டார். நானும்தான்.

இரண்டாவது குட்டி சுலபமாக வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரமாகச் செவலை குட்டிகளை நக்கிக்கொண்டு படுத்தே கிடந்தாள். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. “உள்ள செத்துப்போச்சாக்கா?” இல்லை. முக்காமல் படுத்திருந்தால் அது ஓய்வு; இரண்டு மணி நேரம்வரை காத்திருக்கலாம். ஆனால் பலமாக முக்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லையா? அது ஓய்வல்ல, அடைப்பு. உடனே மருத்துவர். கையில் கடிகாரம் வையுங்கள் நேயர்களே. மனக்கணக்கை நம்பாதீர்கள், அந்த நேரத்தில் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரியும், ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகவும் தெரியும்.

மூன்றாவது குட்டிக்கு முன்னால் கரும்பச்சையாக நீர் வந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் நான் வளர்ந்தபோது, இப்படிப் பச்சை கண்டால் அப்பாயி “யாரோ கண்ணு வெச்சுட்டாங்க” என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். கண்ணேறு இல்லை அப்பாயி, அது இரத்தம். நஞ்சுக்கொடியின் ஓரத்தில் தேங்கிய இரத்தம் சிதைந்து பச்சை நிறமியாகிறது. அடிபட்டுக் கன்றிய இடம் சில நாளில் பச்சையாக மாறுகிறதே, அதே மாதிரிதான். முதல் குட்டி பிறந்த பிறகு பச்சை வந்தால் பயமில்லை. முதல் குட்டிக்கு முன்பே வந்து, குட்டியும் வரவில்லையென்றால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிகிறது என்று பொருள். உள்ளே குட்டிக்கு மூச்சு அடைபடும், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வெள்ளை ரோமமுள்ள குட்டியில் இந்த நிறம் ஏறிவிடுவதும் உண்டு. 2020ஆம் ஆண்டு இத்தாலியின் சார்டீனியா தீவில் ஒரு குட்டி பச்சையாகவே பிறந்து, பிஸ்தாச்சியோ என்று பெயர் வாங்கியது. நாளாக நாளாக வெளுத்துவிடும்.

செவலைக்கு மொத்தம் நான்கு குட்டிகள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று புள்ளி, ஒன்று தாயைப் போல. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு மூன்று தகப்பன்கள் இருக்கலாம், தெரியுமா? ஆண் நாயின் விந்தணு பெட்டையின் உடலில் ஒரு வாரம்வரைகூட உயிரோடிருக்கும். இந்த நான்கில் புள்ளிக்காரன் அடோர் என்ற தத்தெடுப்புத் திட்டத்தின்கீழ் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டுக்குப் போனான். கலப்பின நாய்களுக்கு அடுக்குமாடி வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது 2012இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான். பிறகு செவலைக்குக் கருத்தடை செய்தோம்.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள். 2004இல் இங்கிலாந்தில் டியா என்ற நாய் அறுவை சிகிச்சையில் 24 குட்டிகள் ஈன்ற கதையும், 2016இல் தென்னாப்பிரிக்காவில் ஒரே நஞ்சுக்கொடியில் இரண்டு குட்டிகள் வந்து, மரபணுச் சோதனையில் ஒத்த இரட்டையர் என்று உறுதியான கதையும் சொல்ல நினைத்திருந்தேன். நேரமில்லை. இரண்டு விஷயம் மட்டும் அவசரமாக.

ஒற்றைக் குட்டி. பிரசவத்தைத் தொடங்கச் சொல்லிச் சமிக்ஞை தருவதே உள்ளே இருக்கும் குட்டிகள்தான். ஒன்றே ஒன்று இருந்தால் அந்தச் சமிக்ஞை போதாமல் நாள் தள்ளிப்போகும், குட்டியும் பெரிதாகிவிடும். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். நாள் கடந்தும் அமைதியாக இருக்கிறாளே என்று சும்மா இருக்காதீர்கள்.

அடுத்தது, பிரசவம் முடிந்து சில வாரத்தில், பால் நன்றாகச் சுரக்கும்போது, தாய் நடுங்கி, மூச்சிரைத்து, கால் விறைத்து நடந்தால் அது குளிரல்ல. இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது. குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு அந்த இரவே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நன்றி, வணக்கம்.