சொந்த ஊர் இல்லாத அணிகள்

எல்லோருக்கும் வணக்கம். லாக்ரோஸ் ஆட்டத்தை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். நுனியில் வலை பின்னிய நீளமான மட்டை. பந்தை அந்த வலையில் ஏந்தி, ஓடி, அதிலிருந்தே வீசி கோல் போட வேண்டும். வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஆட்டம் அது.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டெய்லர் கம்மிங்ஸ் என்றொரு வீராங்கனை. கல்லூரி லாக்ரோஸின் மிகப் பெரிய விருதான டெவாரட்டனை 2014, 2015, 2016 என மூன்று வருடம் தொடர்ந்து வாங்கினார். சரி, படிப்பு முடிந்தபிறகு எங்கே ஆடுவது? அதுவரை தேசிய அணியை விட்டால் வேறு வழி பெரிதாக இல்லை.

அந்த 2016 கோடையில்தான் யுனைடெட் விமன்ஸ் லாக்ரோஸ் லீக் தொடங்கியது. பாஸ்டன், பால்டிமோர், பிலடெல்பியா, லாங் ஐலண்ட் என நான்கு அணிகள். பெயரில் ஊர் இருந்ததே தவிர, ஊருக்கென்று மைதானம் இல்லை. நான்கு அணியும் வார இறுதியில் ஓரிடத்தில் கூடும். ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம். பக்கத்திலேயே பள்ளிச் சிறுமிகளுக்கான போட்டி நடக்கும். அந்தச் சிறுமிகளும் அவர்களைக் காரில் கூட்டிவந்த பெற்றோரும்தான் பார்வையாளர்கள். ஆடியவர்களில் பலருக்குக் கல்லூரிப் பயிற்சியாளர் வேலை. திங்கட்கிழமை பணிக்குத் திரும்ப வேண்டும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் புரியாத விஷயம். லீக்கின் ஆணையராக இருந்த மிஷேல் டெஜூலிஸ் விலகிப்போய், 2018இல் ஐந்து அணிகளுடன் விமன்ஸ் புரொபஷனல் லாக்ரோஸ் லீக் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார். இருக்கிற கொஞ்சம் ரசிகர்களுக்கு, கொஞ்சம் விளம்பரதாரர்களுக்கு, இரண்டு கடை! பழையது மங்கிப்போனது. புதியதும் நிலைக்கவில்லை. 2020இல் கொரோனா வந்து அந்தக் கோடையின் ஆட்டங்கள் நின்றன. ஆகஸ்டில் லீக்கை மூடினார்கள். கொரோனா மேல் பழி போடுவது சுலபம். டிக்கெட் எடுத்து வரும் ஊர்க்காரர்கள் இல்லாத லீக்குக்கு ஒரு கோடை நின்றாலே போதும், கதை முடிந்துவிடும்.

2021இல் அத்லீட்ஸ் அன்லிமிடெட் என்ற அமைப்பு நடத்திய புதிய லீக் ஊர்ப் பெயரையே தூக்கிப் போட்டது. நான்கு தலைவிகள் வாரந்தோறும் புதிதாக அணி பிரிப்பார்கள். புள்ளிகளும் பட்டமும் அணிக்கு அல்ல, தனித்தனி வீராங்கனைக்கு. முதல் பட்டம் கம்மிங்ஸுக்கே. எனக்கு அது நேர்மையாகப் பட்டது.

2025இல் ஆண்கள் லீக்கின் பணபலத்தோடு விமன்ஸ் லாக்ரோஸ் லீக் வந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸ் 2028இல் என்பதால், அங்கே ஆடப்படவிருக்கும், அணிக்கு ஆறுபேர் என்ற சிறிய வடிவத்தோடுதான் தொடங்கினார்கள். பாஸ்டன், நியூயார்க், மேரிலாந்து, கலிபோர்னியா என்று மறுபடியும் ஊர்ப் பெயர்கள். முதல் தொடரின் ஆட்டங்கள் அத்தனையும் நடந்தது வர்ஜீனியாவில், ஸ்பிரிங்ஃபீல்டில், ஒரே கூரைக்குக் கீழே.