பலகையைத் தூக்கிப் பார்த்த பிறகு சொல்லும் விலை

நேயர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு ‘ஸ்பேஸ் கேடட்’ நினைவிருக்கும். மேலாளர் தலை மறைந்ததும் திறந்து, ஒரு குண்டை மேலே ஏவிவிட்டு, அது கீழே விழுந்துவிடாமல் இரண்டு சின்ன மட்டைகளால் தட்டித் தட்டி ஆடுவோமே, அதுதான் பின்பால். அதன் அசல் நாலு கால் வைத்த ஒரு மரப்பெட்டி. எடை 120 கிலோவைத் தாண்டும். கண்ணாடிக்குக் கீழே ஆறரை டிகிரி சாய்ந்த பலகை, அதில் ஓட 80 கிராம் எஃகு குண்டு, பலகைக்கு அடியில் கொத்துக் கொத்தாக வயரும், மட்டைகளை இயக்குகிற காயில் என்னும் செம்புக் கம்பிச் சுருள்களும். அந்த அசலைப் பழையதாக வாங்கப் போகிறவர் எவ்வளவு கொடுக்கலாம் என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள்.

நான் சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். வார நாட்களில் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கிற உத்தியோகம், சனி ஞாயிறில் யார் வீட்டு அடித்தளத்திலாவது பின்பால் மெஷினுக்குள் தலையை விட்டிருப்பேன். இந்த விளையாட்டுக்குச் சிகாகோதான் தாய்வீடு. காட்லீப், பேலி, வில்லியம்ஸ், இன்றைய ஸ்டெர்ன் எல்லாமே இந்த ஊர்க் கம்பெனிகள். வில்லியம்ஸ் 1999 அக்டோபரில் பின்பால் பிரிவை இழுத்து மூடியது. 2001இல் நான் இங்கே வந்தபோது, மதுக்கடைகளிலும் விளையாட்டுக் கூடங்களிலும் ஓடிக் களைத்த மெஷின்கள் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தன. இன்றைக்கு யானை விலை சொல்கிற மெஷின்களை அன்று 2,000 டாலர் சொச்சத்துக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. அதை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சரி, விலைக்கு வருகிறேன். முதலில் ஒரு தப்பெண்ணம். அரிதானது என்றால் விலை அதிகம் என்று நினைக்கிறோம். தபால் தலைக்கும் நாணயத்துக்கும் அது பொருந்தலாம். ஆடம்ஸ் ஃபேமிலி என்று ஒரு மெஷின், பேலி பெயரில் 1992இல் வந்தது. பேட் லாலரும் லாரி டிமாரும் வடிவமைத்தது. முந்தைய வருஷம் வந்த படத்தை வைத்துச் செய்தார்கள். படத்தில் நடித்த ரவுல் ஜூலியாவும் அஞ்செலிகா ஹூஸ்டனும் மெஷினுக்கென்றே வசனம் பேசிக் கொடுத்தார்கள். மொத்தம் 20,270 மெஷின்கள் விற்றன. நவீன காலத்தில் வேறு எதுவும் அந்த எண்ணைத் தொடவில்லை. அரிது என்று சொல்லவே முடியாது, ஆனாலும் விலை உச்சத்தில் நிற்கிறது. சில நூறு மட்டுமே செய்த மெஷின்களைக் கேட்பாரில்லாமல் கிடங்கில் பார்த்திருக்கிறேன். ஆட அலுப்பாக இருந்தால் அரிதாக இருந்து என்ன பயன்?

எண்ணிக்கைக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1997இல் வந்த மெடீவல் மேட்னஸ், கோட்டையை உடைக்கிற ஆட்டம், 4,016தான் செய்தார்கள். எல்லோருக்கும் வேண்டும், ஆனால் எண்ணிக்கை குறைவு. விலை ஏறிக்கொண்டே போனது. 2013இல் அதையே புதிதாகத் திரும்பச் செய்யப் போவதாக அறிவிப்பு வந்தது. அசலை வைத்திருந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்து, கேட்கிற விலையும் படிந்த விலையும் ஒன்றல்ல. விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. ஆறு மாதமாக அதே மெஷினை அதே விலைக்குப் போட்டுவைத்திருக்கிறார் என்றால், அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்பது மட்டுமே அதிலிருந்து தெரிகிற செய்தி. கைமாறியபின் உண்மையில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நாலு பேரிடம் கேட்டால்தான் சந்தை விலை பிடிபடும். அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். இந்த வட்டத்தில் மலிவாக வாங்கியவர் கேட்காமலே சொல்வார். ஏமாந்தவரிடம்தான் கொஞ்சம் வாயைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

போன இலையுதிர் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தம்பி மாதிரி எனக்கு ஒருவன், பக்கத்து ஊரில் இருக்கிறான். ‘அண்ணே, ஆடம்ஸ் ஒன்று வந்திருக்கு, 10,500 கேட்கிறார், வீட்டிலேயே இருந்த மெஷினாம், வந்து பாருங்க’ என்று போன் செய்தான். நான் குறித்து வைத்திருந்த வரையில் நல்ல நிலையில் இருக்கும் ஆடம்ஸ் அப்போது 9,000 டாலரைச் சுற்றிப் படிந்துகொண்டிருந்தது. அந்த எண்ணை மனதில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். டார்ச், ஸ்க்ரூடிரைவர், பழைய துண்டு ஒன்று. துண்டு கண்ணாடியைக் கழற்றி வைக்க. தரையில் நேராக வைத்தால் ஓரம் தட்டி மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும்.

அடித்தளத்துக்குள் இறங்கியதுமே மூக்கைத்தான் முதலில் வேலைக்கு விட்டேன். ஈர நெடி இருக்கிறதா? பிறகு குனிந்து கால்களைப் பார்த்தேன். வெள்ளம் புகுந்த வீடென்றால் இரும்புக் காலில் ஒரே உயரத்தில் துருக்கோடு இருக்கும். இல்லை. நல்லது. பெட்டியின் பக்கவாட்டு ஓவியத்தில் ஒரு பக்கம் பளிச்சென்றிருந்தது, மறுபக்கத்தில் சிவப்பு வெளுத்திருந்தது. எங்கோ பல வருஷம் ஜன்னல் வெயிலில் நின்றிருக்கிறது. அது திரும்ப வராது.

‘வீட்டிலேயே இருந்தது’ என்று விற்பவர் சொன்னார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த வரையில் அவ்வளவுதான். ஆனால் காசு போடும் கதவின் ஓரத்தில், பூட்டுப் பட்டை மாட்டத் துளைத்த ஓட்டைகளை அடைத்துச் சாயம் பூசியிருந்தது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. வீட்டில் யாரும் அப்படி இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவதில்லை. அந்தக் காலத்து மெஷின்கள் பெரும்பாலும் முதலில் கடைக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தன. எத்தனை ஆட்டம் ஆடப்பட்டது என்று மெஷினின் மெனுவே கணக்குச் சொல்லும். அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இரண்டு பொத்தானை அழுத்தினால் கணக்கு சுழியத்துக்குப் போய்விடும், பேட்டரி தீர்ந்தாலும் போய்விடும்.

சுவிட்சைப் போட்டோம். சத்தம் கம்பீரமாக வந்தது. நான் திரையில் கிரெடிட் எண்ணை, அதாவது இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி என்று காட்டும் எண்ணைப் பார்த்தேன். எண்ணுக்குப் பின்னால் கடுகளவு ஒரு புள்ளி. தெரியாதவர்கள் முற்றுப்புள்ளி என்று விட்டுவிடுவார்கள். தன் உறுப்பில் ஏதோ ஒன்று சரியில்லை என்று மெஷினே சொல்கிற அடையாளம் அது. கதவைத் திறந்து உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினால், குண்டு படுவதை உணரும் ஸ்விட்சுகளில் எது வெகுநேரமாக வேலை செய்யவில்லை என்று பெயர் சொல்லும். விற்பவருக்கே அந்தப் புள்ளி தெரியாது. பத்து வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே ஆடியிருக்கிறார்.

பத்து நிமிஷம் ஆடினேன். விளையாட்டுக்காக இல்லை, காயில்கள் சூடேற வேண்டும். ஆரம்பத்தில் நடு ராம்ப் என்னும் சாய்வுப் பாதையில் நன்றாக ஏறிய குண்டு, போகப் போகப் பாதியில் நின்று திரும்பி வந்தது. ஃபிளிப்பர்கள், அதாவது குண்டைத் தட்டும் மட்டைகள், தேய்ந்திருக்கின்றன. இந்த மெஷினில் நாலு ஃபிளிப்பர். அதற்காகப் பயப்பட வேண்டாம், அது வண்டிக்கு பிரேக் ஷூ மாற்றுகிற மாதிரி. நாலுக்கும் உதிரிப் பாகம் 150 டாலருக்குள் வந்துவிடும், ஒரு பகல் வேலை. பலகைமேல் இருக்கும் பொம்மைப் புத்தக அலமாரி சரியாகச் சுழன்றது. பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து காந்தத்தால் குண்டைத் தூக்குகிற பொம்மைக் கையும் ஒழுங்காக வேலை செய்தது. அது நின்றுபோயிருந்தால் இந்த மெஷினை வாங்குவதில் பாதி ஆனந்தம் போயிற்று.

அப்புறம் கண்ணாடியைக் கழற்றிப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். குண்டு விழுந்து எகிறுகிற குழிகளின் விளிம்புதான் முதலில் தேயும். இதில் பலகையில் உள்ள மின்சார நாற்காலிக்குக் கீழே இருக்கும் குழி. நகத்தை வைத்து இழுத்தால் மேல்பூச்சு போய் மரம் சொரசொரத்தது. படத்தில் எடுத்தால் தெரியாது, விளம்பரப் புகைப்படம் எல்லாம் எட்டடி தள்ளி நின்று எடுத்தது. பலகைமேல் இருக்கும் ஓவியத்தின் நிலை விலைப் பேச்சையே மாற்றிவிடும். மோட்டாரும் மின்னணுச் சிப்பும் காசு கொடுத்தால் மாற்றலாம். ஓவியம் தேய்ந்தால் மாற்றுப் பலகை வாங்கி, ஆயிரக்கணக்கான உறுப்புகளைக் கழற்றி, அதே இடத்தில் திரும்பப் பூட்ட வேண்டும். எனக்கு அதைச் செய்ய ஒரு குளிர்காலம் முழுக்க ஆகும். அதனால் விலை பேசும்போது தேய்ந்த ஓவியத்துக்குத்தான் நிறையக் கழிப்பேன், வேலை செய்யாத விளக்குக்கு அல்ல.

கடைசியில் பலகையையே தூக்கி நிறுத்தி அடிப்பக்கத்தையும், பிறகு பின்னால் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் மின்னணு போர்டுகளையும் பார்த்தேன். விலை முடிவாகிற இடம் இதுதான். மெயின் போர்டில் மூன்று சாதாரண பென்சில் பேட்டரி உண்டு, அதிக ஸ்கோர் எடுத்தவர்கள் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ள. அதை வருஷா வருஷம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஒழுகும். இங்கே ஒழுகியிருந்தது. பேட்டரிக் கூட்டின் முனையில் உப்புப் பூத்தது போல் வெள்ளையும் பச்சையுமாக ஒரு படலம், அங்கிருந்து கீழே இறங்கி ஸ்விட்சுகளைப் படிக்கிற சிப்களின் கால்வரை வந்திருந்தது. திரையில் பார்த்த அந்தப் புள்ளிக்குக் காரணம் புரிந்தது. சுத்தம் செய்து ஓட்டலாம், ஆனால் அரிப்பு செம்பை உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். புது போர்டு 300 டாலர் என்று கணக்கில் போட்டேன்.

பக்கத்தில் ஃப்யூஸ் வரிசை. ஒன்றில் ஃப்யூஸுக்குப் பதிலாக அலுமினியத் தாள் சுற்றியிருந்தது. சமையலறையில் சப்பாத்தி சுற்றுவோமே, அதேதான். இதைப் பார்த்ததும் எனக்கு மெஷின்மேல் இருந்த நம்பிக்கை பாதியாகக் குறைந்தது. ஃப்யூஸ் போனது ஏன் என்று கேட்காதவர் வேறு எதைக் கேட்டிருப்பார்? அவர் கை வைத்த இடம் எல்லாவற்றையும் நான் திரும்பப் பார்த்தாக வேண்டும். விளக்கு வரிசைக்குப் போகும் கனெக்டர் ஒன்று கருகிப் பழுப்பாகியிருந்தது. விற்பவரோ, உள்ளே கலர் கலராக எல்இடி போட்டிருப்பதையும் மூலையில் ஒட்டிய பொம்மைகளையும் காட்டி, அதற்கே 600 டாலர் ஆயிற்று என்றார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்தால் மாடு கூடுதலாகப் பால் கறக்குமா? அதற்கு நான் ஒரு டாலரும் போடவில்லை.

கணக்கு இப்படி வந்தது. நல்ல நிலை விலை 9,000. போர்டு 300, திரையில் இரண்டு வரி மங்கியிருந்ததால் அதற்கு 200, ஃபிளிப்பருக்கு 150, கனெக்டர் சில்லறை 100, தேய்ந்த குழிக்கும் வெளுத்த பக்கத்துக்கும் சேர்த்து 750. மீதி 7,500. இதில் என் கூலி இல்லை. தம்பிக்கு நான் கூலி போடுவதாக இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்கிற மெக்கானிக்கை வைத்துச் செய்வதென்றால் மணிக்கு 100 டாலரை ஒட்டி ஆகும், அப்படிச் செய்விக்கிறவருக்கு இதே மெஷின் 6,500க்குத்தான் கட்டும். சால்டரிங் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நியாய விலை ஒன்றாக இருக்க முடியாது. விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களுக்கு இது மட்டும் விளங்குவதே இல்லை.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். சில சமயம் சும்மாவே தருகிறேன், எடுத்துப் போங்கள் என்பார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று பழமொழி இருக்கிறது. பின்பாலில் பார்த்தே ஆக வேண்டும். 1970களின் மணியடிக்கிற மெஷின் ஒன்றை எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். தலைக் கண்ணாடியின் பின்பக்கம் இருந்த ஓவியம், வண்டியில் ஏற்றும்போதே காய்ந்த சுண்ணாம்பு மாதிரி செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. அந்தக் காலத்து மெஷினில் பாதி அழகு அந்தக் கண்ணாடியில்தான்.

விற்பவரிடம் பேட்டரியையும் அலுமினியத் தாளையும் காட்டினேன். குறை சொல்கிற தொனியில் இல்லை, டார்ச்சை அவர் கையிலேயே கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். தாள் சுற்றியது தன் மச்சினன் என்றார். 8,500க்குக் குறைய மாட்டேன் என்றவர், காபி போட்டு வந்து, 7,900க்கு இறங்கினார். என் எண்ணைவிட 400 அதிகம். தம்பி என் முகத்தைப் பார்த்தான். அசல் கையேடும், மின்சுற்று வரைபடமும், எல்லாப் பூட்டுக்கும் சாவியும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். நான் தலையாட்டினேன்.

தலைப்பெட்டியை மடித்துப் போர்வை சுற்றி, கால்களைக் கழற்றி, மூன்று பேர் சேர்ந்து அடித்தளப் படியில் ஏற்ற ஆரம்பித்தோம். பதின்மூன்று படி, நடுவில் ஒரு திருப்பம். ஏழாவது படியில் பெட்டி சுவரில் சிக்கி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. கீழே நின்று மொத்த பாரத்தையும் தோளில் தாங்கிக்கொண்டிருந்த தம்பி, மூச்சு வாங்க மேலே பார்த்துக் கேட்டான்: “அண்ணே, படியைக் கணக்கில் சேர்த்தீங்களா?”

வணக்கம்.