மொழி மாறினா யோசனையும் மாறுமா? தளியிலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி தளி பக்கத்துல இருந்து ஒரு அம்மா அனுப்பினது. வீட்டுல கன்னடம், அக்கம்பக்கம் தெலுங்கு, பள்ளிக்கூடத்துல தமிழ். "பேசுற மொழிதான் யோசனையைத் தீர்மானிக்குதுன்னு சொல்றாங்களே, அது நிஜமா? அப்படின்னா என் அஞ்சு வயசுப் பொண்ணு மூணு மொழியில குழம்பிட மாட்டாளா? சின்னவனுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது, பேச்சு இன்னும் சரியா வரல. வீட்டுலயும் தமிழே பேசிடலாமா?"ன்னு கேட்டிருக்காங்க. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிறைய வீட்டுல இதே யோசனை ஓடிக்கிட்டு இருக்கும். அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மொழி நம்ம யோசனைக்குப் பூட்டுப் போடாது. ஆனா எதைக் கவனிக்கணும்னு தினமும் பழக்கிவிடும். இதுக்கு உங்க வீட்டுலயே உதாரணம் இருக்கு. தமிழ்ல 'நாம', 'நாங்க'ன்னு ரெண்டு வெச்சிருக்கோம். "நாம சந்தைக்குப் போறோம்"னா கேக்கறவரும் சேர்த்தி. "நாங்க போறோம்"னா அவரை விட்டுட்டுப் போறோம். தெலுங்குலயும் மனமு, மேமுன்னு ரெண்டு உண்டு. கன்னடத்துல ரெண்டுக்கும் 'நாவு' ஒண்ணேதான். அதுக்காகக் கன்னடம் பேசறவங்களுக்கு அந்த வித்தியாசம் புரியாதுன்னு அர்த்தமா? நல்லாப் புரியும். தேவைப்பட்டா ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லிக்குவாங்க. தமிழ்லயும் தெலுங்குலயும்தான் வாயைத் திறக்கறப்பவே எதிர்ல இருக்கறவர் நம்மகூடச் சேர்த்தியா இல்லையான்னு முடிவு பண்ணியாகணும். மொழிங்க எதைச் சொல்ல முடியும்ங்கறதுல பெருசா வேறுபடறதில்ல, எதைக் கட்டாயம் சொல்லியாகணும்ங்கறதுலதான் வேறுபடுதுன்னு ரோமன் யாகப்சன்ங்கற மொழியியல் அறிஞர் 1959-ல எழுதினார். இந்த விஷயத்துல இதைவிடத் தெளிவா ஒரு கருத்து இல்லைன்னுதான் நான் நினைக்கறேன்.

அதனால உங்க பொண்ணு டீச்சர்கிட்ட "நாங்க விளையாடலாம், வாங்க டீச்சர்"னு சொன்னா பயப்படாதீங்க. 'நாவு' இருந்த இடத்துல ஒரு தமிழ்ச் சொல்லை வெச்சிருக்கா, அவ்வளவுதான். "தப்பு"ன்னு நிறுத்த வேண்டாம். "ஆமா, நாம விளையாடலாம்"னு திருப்பிச் சொல்லுங்க. கேட்டுக் கேட்டுப் பிடிச்சுக்குவா.

சரி, மொழிப் பழக்கம் பேச்சைத் தாண்டி ஞாபகத்துலயும் இறங்குதா? இதுக்குத் தமிழ் பேசறவங்களை வெச்சே ஆராய்ச்சி நடந்திருக்கு. எரிக் பெடர்சன்ங்கற மொழியியல் ஆய்வாளர் 1990-கள்ல மதுரைப் பக்கம் செஞ்சார். கிராமத்துல "டம்ளரைக் கொஞ்சம் கிழக்கால தள்ளி வை"ம்பாங்க, டவுன்ல "வலது பக்கம் தள்ளி வை"ம்பாங்க. பென்னாகரம், அரூர் பக்கம் கொல்லையில வேலை செய்யறவங்களைக் கேளுங்க, அடுப்படி சாமானுக்குக்கூட மேக்கால, தெக்கால வரும். அந்தப் பேச்சுப் பழக்கம் பேச்சே தேவைப்படாத வேலையிலயும் தெரியுதான்னு அவர் பார்த்தார். அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம்.

ரெண்டு மேசை வேணும், நாலஞ்சு தப்படி இடைவெளியில. மாடு, குதிரை, நாய்னு மூணு பொம்மை வேணும். தலை எது வால் எதுன்னு தெரியற பொம்மையா இருக்கணும், அது முக்கியம். செய்யறவரை வடக்குப் பார்த்து முதல் மேசை முன்னாடி நிக்க வையுங்க. மூணு பொம்மையையும் வரிசையா, எல்லாம் கிழக்குப் பார்த்து, அதாவது அவருக்கு வலது பக்கம் பார்த்து வையுங்க. "நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு எடுத்துடுங்க. அரை நிமிஷம் விடுங்க. அப்புறம் அவரைத் திருப்பி, தெற்குப் பார்க்கற மாதிரி ரெண்டாவது மேசை முன்னாடி நிறுத்திப் பொம்மைகளைக் கலைச்சுக் கையில குடுங்க. "முன்ன இருந்த மாதிரியே வையுங்க"ன்னு சொல்லுங்க. மறுபடியும் வலது பக்கம் பார்க்கற மாதிரி வெச்சா, பொம்மை இப்போ மேற்கைப் பார்க்கும். அவர் தன் உடம்பை வெச்சு ஞாபகம் வெச்சிருக்கார். இப்போ இடது பக்கமா இருக்கற கிழக்கையே பார்க்க வெச்சா, திசையை வெச்சு ஞாபகம் வெச்சிருக்கார். ரெண்டும் சரிதான், இதுல தப்பான விடைன்னு ஒண்ணு இல்ல.

இதுல கெட்டுப்போறது எங்கன்னா, சொல்றவங்க வாயிலதான். "இடது", "கிழக்கு"ன்னு ஒரு சொல் வந்துட்டா போதும், அவர் அதைப் பிடிச்சுக்குவார். ஒரே தடவை செஞ்சுட்டு முடிவு கட்டாதீங்க. குருட்டாம்போக்குல வெச்சாலே பாதி தடவை ஏதோ ஒரு பக்கம் விழும். அஞ்சாறு தடவை, பொம்மை பார்க்கற பக்கத்தை மாத்தி மாத்தி வெச்சுப் பாருங்க. ஒருத்தர் செய்யறதை அடுத்தவர் பார்க்கக் கூடாது. இன்னொண்ணு ஜன்னல். வெளிய ரோடோ கோயில் கோபுரமோ தெரிஞ்சா அதையே அடையாளமா வெச்சுக்குவாங்க. பெக்கி லீ, லைலா கிளைட்மன்ங்கற ரெண்டு ஆய்வாளர்கள் 2002-ல இதைத்தான் காட்டினாங்க. ஒரே ஆங்கிலம் பேசற அமெரிக்க மாணவர்களே, சுத்தி இருக்கற அடையாளம் மாறினா வைக்கற விதத்தை மாத்தினாங்க.

பெடர்சனுக்குக் கிடைச்சது, திசையில பேசறவங்க பொம்மையையும் பெரும்பாலும் திசையில வெச்சாங்கங்கறதுதான். ரெண்டும் சேர்ந்து போகுது. ஆனா மொழிதான் காரணம்னு அதை வெச்சு மட்டும் சொல்லிட முடியாது. பொழுதுக்கும் வெயில்ல, வெட்ட வெளியில நிக்கறவங்களுக்குச் சூரியன் கண்ணுலயே இருக்கு. பேச்சும் ஞாபகமும் ரெண்டும் அதுல இருந்து வந்திருக்கலாம். இந்த எச்சரிக்கையை விட்டுட்டு "மொழி மூளையையே மாத்துது"ன்னு வர்ற வீடியோக்களை நம்பாதீங்க. சீன மொழியான மாண்டரின் பேசறவங்க காலத்தை மேலிருந்து கீழா நினைக்கறாங்கன்னு 2001-ல வந்த முடிவு ரொம்பப் பிரபலம். 2007-ல தனித்தனியா ரெண்டு ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு, ரெண்டுலயும் அந்த முடிவு திரும்பக் கிடைக்கல.

மொழியோட கை நேரடியாத் தெரியற சோதனை ஒண்ணு உண்டு. ரஷ்ய மொழியில வெளிர்நீலத்துக்கு 'கலுபோய்', கருநீலத்துக்கு 'சீனி'ன்னு தனித்தனி நிறப்பெயர். நமக்கு ரெண்டும் நீலந்தான். 2007-ல வந்த ஆய்வுல, அந்த ரெண்டு பெயருக்கும் நடுவுல இருக்கற எல்லையைத் தாண்டின நீலங்களை ரஷ்யர்கள் சீக்கிரமாப் பிரிச்சாங்க. அடுத்துச் செஞ்சதுதான் அருமை. எட்டு இலக்க எண் ஒண்ணை மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே செய்யச் சொன்னாங்க. அந்த வேகம் காணாமப் போச்சு. எண்ணுக்குப் பதிலா ஒரு கட்டப் படத்தை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னப்போ வேகம் அப்படியே இருந்தது. அப்போ கண்ணு மாறிப்போகல, உள்ளுக்குள்ள ஓடற சொல்தான் அந்த நேரத்துல கை குடுக்குது.

உங்க பொண்ணு விஷயத்துல நான் பார்க்கச் சொல்ற இடம் எண்ணுப் பெயர். கன்னடத்துல 90 'தொம்பத்து', தெலுங்குல 'தொம்பை'. தமிழ்ல 'தொண்ணூறு', உள்ளயே 'நூறு' கேக்குது. 800 'எண்ணூறு'. அதுக்கு மேல 900 'தொள்ளாயிரம்', அதுல 'ஆயிரம்' கேக்குது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் பிள்ளை தடுமாறினா இதுவும் காரணமா இருக்கலாம். கணக்கு வரலைன்னு முடிவு கட்டிடாதீங்க. விளக்குமாத்துக் குச்சியைப் பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டு ஒன்பது கட்டு வையுங்க. "ஒன்பது பத்து, தொண்ணூறு"ன்னு தொட்டுத் தொட்டுச் சொல்லட்டும். பத்தாவது கட்டை வெச்ச பிறகுதான் "நூறு". பேரும் அளவும் ஒட்டிக்கற வரைக்கும் கட்டை எடுக்காதீங்க.

வீட்டுல தமிழுக்கு மாறலாமான்னா, வேண்டாம். உங்களுக்குச் சரளமா வர்ற கன்னடத்துலதான் கதை, சண்டை, சமாதானம், ஏன் எதுக்குங்கற விளக்கம் எல்லாம் முழுசா வரும். தட்டுத்தடுமாறிப் பேசற தமிழ்ல பிள்ளைக்குக் கிடைக்கற பேச்சே குறைஞ்சுபோகும். தமிழைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கும். ஒரே வாக்கியத்துல ரெண்டு மொழி கலந்து வந்தாலும் அது இயல்புதான், பல மொழி பேசற பெரியவங்களே அப்படித்தான் பேசறாங்க.

சின்னவனுக்கு வருவோம். மூணு மொழி கேக்கறதால பேச்சுக் கோளாறு வராது. ஆனா அவனுக்கு எத்தனை சொல் வருதுன்னு எண்ணறப்போ மூணு மொழியையும் கூட்டி எண்ணுங்க. 'ஹாலு'ன்னும் 'பால்'னும் சொன்னா ரெண்டு சொல். ரெண்டு வயசுல எல்லா மொழியும் சேர்த்துச் சுமார் 50 சொல்லும், "அம்மா வா" மாதிரி ரெண்டு சொல் சேர்ந்த பேச்சும் வந்திருக்கணும். வரலைன்னா "மொழி ஜாஸ்தி, அதான் லேட்டு"ன்னு காத்திருக்காதீங்க. அரசு மருத்துவமனையில காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டக் காட்டுங்க. கை தட்டினா திரும்பறானேன்னு விட்டுடாதீங்க, சத்தமான ஓசை மட்டும் கேட்டு மெல்லிய பேச்சு கேக்காத பிள்ளைங்க உண்டு. பதில் சொல்லத் தெரியாத வயசுங்கறதால, தூங்க வெச்சுச் செய்யற பெரா (BERA) டெஸ்ட் இருக்கு, சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருதுன்னு பார்க்கற சோதனை. அது வேணுமான்னு டாக்டரைக் கேளுங்க. வீட்டு மொழியை மாத்தறதைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி அந்தக் காதைப் பார்த்துடுங்க.