விரல் அசைய இடம் வேண்டும்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பனியில் போடுகிற பூட்ஸ் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மார்கழி விடியற்காலையில் 20 டிகிரிக்கு இறங்கினாலே குரங்கு குல்லாயைத் தேடுகிற ஊர் நம்முடையது. ஆனால் தெருவுக்கு நாலு பிள்ளைகள் பிரான்சிலும் கனடாவிலும் இருக்கிற ஊரும் இதுதான். ஆடி முடிந்தால் போதும், யாராவது என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். "சார், நீங்க லடாக்ல இருந்தீங்களாமே, பொண்ணு டொரோன்டோ போவுது, என்ன பூட்ஸ் வாங்கலாம்?"

ராணுவத்தில் எனக்கு ஸ்டோர் வேலை. இரண்டு குளிர்காலம் லேயில் இருந்தேன். கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரம், ஜனவரி இரவுகளில் மைனஸ் 15, சில நாள் அதற்கும் கீழே. ஓய்வு பெற்ற பிறகு கடலூர் முதுநகர் பக்கம் மீன் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். உறைந்த மீனை மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ வைக்க வேண்டும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும், கனத்த கதவைத் தள்ளினால் உள்ளே லே. ஆக, பனிக்கால பூட்ஸை இமயத்திலும் பார்த்தேன், கெடிலம் கரையிலும் பார்த்தேன்.

லேயில் முதல் குளிர்காலத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். குளிர் தாங்கவில்லை என்று பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி, அதன்மேல் கம்பளி சாக்ஸ் ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்து பூட்ஸுக்குள் திணித்து லேஸை இறுக்கிக் கட்டினேன். ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. எங்கள் சுபேதார் குமாவூன் மலைக்காரர். என் காலைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் பூட்ஸைக் கழற்றச் சொன்னார், பருத்தி சாக்ஸ் இரண்டையும் எடுத்துத் தூர எறிந்தார். கம்பளி ஒன்றோடு, லேஸைத் தளர்த்திப் போட்டு நடக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் விரல்களுக்கு உயிர் வந்தது. குறைத்துப் போட்டதும் சூடு கூடியது எப்படி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

விஷயம் இதுதான். பூட்ஸ் அடுப்பு இல்லை, ஃபிளாஸ்க். காபியைச் சுடவைப்பது ஃபிளாஸ்க் இல்லையே, ஊற்றின சூட்டைப் போகவிடாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். பாதத்துக்குச் சூட்டைக் கொண்டுவருவது ரத்தம். இறுக்கிக் கட்டினால் ரத்தம் விரல் நுனி வரை போகாது. சூட்டைப் பிடித்து வைப்பதோ கம்பளி இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்று. சாக்ஸைத் திணித்து அமுக்கினால் அந்தக் காற்றும் போய்விடும். அதனால் கடையில் பூட்ஸைப் போட்டுப் பார்க்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி "கதகதப்பா இருக்கா?" என்பது இல்லை. "விரலை ஆட்ட முடியுதா?"

இன்னொரு எதிரி ஈரம். பனி உருகி உள்ளே வரும் ஈரத்தைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதைவிடத் தொல்லை உள்ளிருந்தே வரும் வியர்வை. மைனஸ் 20லும் நடந்தால் பாதம் வியர்க்கும். பருத்தி அதைக் குடித்து ஊறிப்போய்த் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும், ஆகவே ஈர சாக்ஸ் போட்ட கால் வெறுங்காலுக்குச் சமம் என்றே வையுங்கள். ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது.

நம் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் இங்கிருந்து போய் உயிர்விட்ட சிப்பாய்களுக்காக எழுப்பியது. நடைப்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் காலில் என்ன போட்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரு யோசனை ஓடும். தொழில் புத்தி, வேறென்ன. அந்தப் போரில் பதுங்கு குழிகளில் நாள் கணக்காக ஈர பூட்ஸோடு நின்று பாதம் வீங்கி, மரத்து, அழுகிப்போனவர்கள் ஆயிரக்கணக்கில். டிரெஞ்ச் ஃபுட் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அதற்குப் பனி உறைய வேண்டியதில்லை, 15 டிகிரியிலும் வரும். ஈரம் நீடித்தால் போதும். அன்றைக்கு ராணுவங்கள் கண்ட வழி, சாக்ஸை மாற்று, காலைத் துடை, எண்ணெய் தடவு. இன்றைக்கும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

கிடங்கில் இதையே வேறு மாதிரி பார்த்தேன். நான் சேர்ந்தபோது சுமை ஏற்றும் பையன்களுக்கு வெறும் கம்பூட்ஸ்தான் கொடுத்திருந்தார்கள். வெளியே வெயிலில் வியர்க்கும், அந்த வியர்வையோடு மைனஸ் 18க்குள் போவான், பத்து நிமிஷத்தில் குதித்துக்கொண்டு ஓடி வருவான். சிலர் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு போடுவார்கள், வியர்வை இன்னும் அதிகம். சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தது, உள்ளே ஃபெல்ட் கம்பளி லைனர் தனியாகக் கழன்று வருகிற பூட்ஸ். ஆளுக்கு இரண்டு லைனர். ஒன்று காலில், ஒன்று கொடியில். ஒட்டித் தைத்த பஞ்சு பூட்ஸ் ஒருமுறை நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும், அதுவும் ஐப்பசியில் காயவே காயாது. கழற்றுகிற லைனர் இருக்கிற பூட்ஸைப் பார்த்தால் நான் வேறு கேள்வி கேட்காமல் பாதி மார்க் போட்டுவிடுவேன்.

அட்டையில் 200 கிராம், 400 கிராம், 800 கிராம் என்று போட்டிருப்பார்களே, அது பூட்ஸின் எடை இல்லை. உள்ளே வைத்த தின்சுலேட் மாதிரி பஞ்சுத் துணி ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. பஸ் பிடித்துக் கல்லூரிக்கு நடந்து போகிற பெண்ணுக்கு 200, மிஞ்சினால் 400 போதும். பெட்ரோல் பங்கிலோ கட்டட வேலையிலோ மணிக்கணக்கில் நிற்கிறவருக்குத்தான் 800. நடக்கிறவருக்கு 800 வாங்கிக் கொடுத்தால் வியர்த்துக் கொட்டி, பழைய கதைதான். மைனஸ் 40 வரை தாங்கும் என்று போடுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகச் சோதித்துப் போடுகிற எண் அது. நடக்கிறவரா நிற்கிறவரா என்று அட்டைக்குத் தெரியாது.

அளவு பற்றி நமக்குத் தனியாக ஒரு பேச்சு வேண்டும். சின்ன வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த பாதம், விரல் விரிந்த பாதம். நீளம் சரியாக இருந்தாலும் அகலம் பிடிக்கும். அகலப் பாதத்துக்கான பூட்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். சாயங்காலம் போய்ப் பாருங்கள், காலையைவிடப் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். போடப்போகிற கம்பளி சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். லேஸ் கட்டாமல் விரலை முன்னால் முட்டவைத்து நின்றால், குதிகாலுக்குப் பின்னே ஆட்காட்டி விரல் நுழைய வேண்டும். எண் குழப்பமும் உண்டு. நம் கடையில் 8 என்பது பிரிட்டிஷ் கணக்கு, அமெரிக்காவில் ஆண்களுக்கு அதுவே 9, பிரெஞ்சுக் கணக்கில் 42. பிரெஞ்சுக் கணக்கில் ஒரு எண் கூடினால் நீளம் கூடுவது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குதான், நம்முடையதில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு எண் கூட்டிப் போடு என்று பாரிஸில் இருக்கிற மாமா சொல்வதும் காந்தி வீதிக் கடைக்காரர் சொல்வதும் ஒன்றல்ல.

சோல். குளிரில் பிளாஸ்டிக் சோல் கட்டை மாதிரி இறுகும், பனிக்கட்டியில் சறுக்கும். நல்ல ரப்பர் இளகியே இருக்கும். இதைச் சோதிக்க நான் ஒரு பூட்ஸை ராத்திரி முழுக்க வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன், அதுவும் ஏறக்குறைய மைனஸ் 18தானே. காலையில் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது உள்ளே போக வேண்டும். வீட்டம்மா மூன்று நாள் பேசவில்லை. டொரோன்டோவில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இதையே முறையாகச் செய்கிறது. பனிக்கட்டித் தளத்தைச் சாய்த்துக்கொண்டே போய் அதன்மேல் ஆளை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று பார்க்கிறார்கள். பேர்போன பூட்ஸ்கள் பலவும் தேறவில்லை.

உழைப்பு பற்றி ஒன்று. பக்கத்து வீட்டு அம்மா, மகள் பனியில் இரண்டு வருஷம் போட்ட விலை உயர்ந்த பூட்ஸைப் பரணில் பத்திரமாக வைத்திருந்தார். ஏழு வருஷம் கழித்துப் பேரன் போட்டுக்கொண்டு விமான நிலையம் போனான். பார்க்கிங்கிலேயே சோல் ரஸ்க் மாதிரி உதிர்ந்துவிட்டது. கம்பெனியைத் திட்டினார். பாலியூரித்தேன் சோல் அப்படித்தான், காற்றில் இருக்கிற ஈரமே மெல்ல மெல்ல அதை உடைத்துவிடும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்தோமே, அது. நம் கடற்கரைக் காற்றில் இன்னும் சீக்கிரம். போடாமல் வைத்தாலும் கெடும் என்பதால் பத்து வருஷத்துக்கு ஆகும் என்று வாங்கிச் சேர்க்காதீர்கள். ஒட்டின சோலைவிட, ஓரத்தில் தைத்த சோல் நல்லது, தேய்ந்தால் பிரித்து மாற்றலாம். அங்கே பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். தோலில் வெள்ளையாகப் படிந்தால் ஈரத்துணியால் துடைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஹீட்டருக்குத் தள்ளி நிழலில் காயவிட வேண்டும். கிட்டே வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும்.

இதை எங்கே வாங்குவது? ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் அங்கேயே வாங்குங்கள், அளவு போட்டுப் பார்க்கலாம். இங்கிருந்து நல்ல கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி போதும். ஜனவரியில் இறங்குகிறவர்கள்தான் இங்கே வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அப்படிப் போன என் தங்கை மகளுக்கு, பெட்டியில் எடை கூடிவிடும் என்று பூட்ஸைக் காலிலேயே போட்டு அனுப்பினோம். பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில், முழங்கால் வரை பூட்ஸ். மரக்காணத்தில் ஏறின நெய்வேலிக்காரர் ஒருவர் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். மகாபலிபுரம் தாண்டினதும் கேட்டுவிட்டார், "என்னம்மா, சினிமாவுல நடிக்கிறியா?"

வணக்கம்.