‘சமரசம்’ என்று எழுதி மூடிய கோப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணின் கோப்பில் ‘சமரசம், கணவருடன் அனுப்பிவைக்கப்பட்டார்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த மாத அறிக்கையில் அது ‘தீர்வு காணப்பட்டவை’ என்ற பத்தியில் ஏறியது. மூன்றாம் மாதம் அதே பெண் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து நின்றார். அவருக்குப் புதுக் கோப்பு போட்டோம், புது எண் கொடுத்தோம். பழைய கோப்பு வெற்றிக் கணக்கிலேயே இருந்தது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள், ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை முறை ஆலோசனை தந்தோம், எத்தனை பேருக்கு வக்கீல் ஏற்பாடு செய்தோம் என்று பதிவேடுகளை நிரப்புகிறோம். அத்தனையும் நாங்கள் செய்த வேலையின் கணக்கு. வந்தவரின் வாழ்க்கை என்ன ஆனது என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அந்தக் கட்டத்தை நாம்தான் போட வேண்டும். முதல் நாள் கேட்ட அதே கேள்விகளை மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் கேட்க வேண்டும். இந்த வாரம் எத்தனை இரவு நன்றாகத் தூங்கினீர்கள்? தெருமுனையில் கணவரின் வண்டிச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறதா? ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் யாரிடம் இருக்கின்றன? அம்மாவிடம் பேச யாருடைய அனுமதியாவது வேண்டுமா?

அமெரிக்கச் செவிலியர் ஜாக்குலின் கேம்பெல் 1980களில் ஓர் ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தை உருவாக்கினார். அதன் இப்போதைய வடிவத்தில் உள்ள 20 கேள்விகளுக்கு முன்னால், கடந்த ஓராண்டின் நாட்காட்டியைப் பெண்ணிடமே கொடுத்து, அடிபட்ட நாள்களைக் குறிக்கச் சொல்வார்கள். நான் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரையே நீட்டுகிறேன். “நாலைந்து தடவை இருக்கும்” என்று சொல்லிப் பென்சிலை வாங்கினார் ஒருவர். பொங்கலுக்கு மறுநாள், நாத்தனார் வளைகாப்பு, பிள்ளைக்குப் பள்ளி திறந்த வாரம் என்று முகூர்த்த நாள்களுக்கு நடுவே புள்ளி வைத்துக்கொண்டே போனார். ஆகஸ்டு மாதத் தாளில் கை நின்றுவிட்டது. தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி, புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

திரும்பவும் கணவரிடம் போகும் பெண்ணைத் தோல்விக் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தை, வாடகை, ஊர்ப் பேச்சு என்று அவர் எடைபோடும் விஷயங்கள் பல. போகும்போது, அடுத்த முறை யாரை அழைப்பது என்று தெரிந்து, சான்றிதழ்களின் நகலை அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார் என்றால், அது முன்னேற்றம். அதை எழுத வேண்டும். அவர் இரண்டாம் முறை வந்தால், எங்கள்மேல் நம்பிக்கை இருப்பதால் வருகிறார். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 விழுக்காடுதான். அப்படியிருக்க, ஒரு மாவட்டத்தில் புகார் கூடியதுமே நிலைமை மோசமாகிவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

இன்னொன்று, கேட்கும் விதம். நலம் விசாரிக்கப் போகும் தொலைபேசி அழைப்பே அடிக்குக் காரணமாகிவிடலாம். எந்த எண்ணில், எந்த நேரத்தில் பேசலாம் என்று அவரிடமே முதலில் கேட்டுக்கொள்கிறோம். வேறு யாராவது எடுத்தால் தையல் வகுப்பிலிருந்து பேசுவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். அதுவும் அவரே சொல்லித்தந்த பெயர்தான். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுவோம். சொல்லாததற்காக எந்த உதவியும் நிற்காது.

கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, 181 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். உங்கள் செல்பேசியை வேறு யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்றால், பேசி முடித்ததும் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். அல்லது பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசுங்கள்.