தொட்டிலருகே ஓர் ஆள் வேண்டும்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட குழந்தை மருத்துவர் அம்மையார் அவர்களே, பின்வரிசையில் ஒளிந்து உட்கார்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து மைக் பிடித்ததுவரை எல்லாம் செய்த இளைஞர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள்க.

கைக்குழந்தைகள் விடுதியில் அல்ல, குடும்பத்தில் வளர வேண்டும் என்பதற்காகப் பேச்சு, பழக்கம், பள்ளி என மூன்று செய்திகள் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' மேடைக்கு மேடை நான் சொல்வதுதான். ஆனால் ஐந்தே தாமதம் என்கிறது ருமேனியா. 1989இல் அங்கே சர்வாதிகாரி சௌசெஸ்கு ஆட்சி விழுந்த பிறகு, கைவிடப்பட்ட குழந்தைகளை வைத்திருந்த அரசு விடுதிகளுக்குள் போனவர்கள் கண்டது, வரிசை வரிசையாகத் தொட்டில்கள், அழுகைச் சத்தமே இல்லாத அறைகள். அழுதும் யாரும் வராவிட்டால் குழந்தை எதற்கு அழும்? தலைநகர் புக்கரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வில் 136 விடுதிக் குழந்தைகளைச் சீட்டுப் போட்டதுபோல் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். 15 மாத வயதுக்குள் போனவர்களுக்குப் பேச்சு ஏறக்குறைய வயதுக்கேற்ப வந்தது. இரண்டு வயது தாண்டிப் போனவர்களோ விடுதியிலேயே இருந்தவர்கள் அளவுக்குப் பின்தங்கினார்கள். ஐந்தில் வளையாததா? இரண்டிலேயே, ஐயா!

பழக்கத்துக்கு ஒரு கதை. 1800இல் பிரான்சின் அவெரோன் பகுதியில், காட்டில் திரிந்த ஒரு பையன் பிடிபட்டான். வயது பன்னிரண்டு இருக்கலாம். விக்டர் என்று பெயரிட்டு, இத்தார் என்ற இளம் மருத்துவர் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். எழுத்துகளைக் காட்டினார், கெஞ்சினார், மிரட்டினார். வாய்ப்பேச்சு ஓரிரு சொல்லைத் தாண்டவில்லை. பிறவியிலேயே அவனுக்குக் குறை இருந்ததா என்று இன்றும் சர்ச்சை உண்டு, அது இருக்கட்டும். அவனுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டவர் கெரேன் அம்மாள். அவர் கணவர் இறந்த அன்று, வழக்கம்போல் விக்டர் மேசையில் அந்தக் கணவருக்கும் தட்டு வைத்தான். அந்த அம்மாள் உடைந்து அழுதார். பையன் பார்த்தான். தட்டை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். அப்புறம் ஒருநாளும் அதை அங்கே வைக்கவில்லை.

பாடம் எட்டாத இடத்துக்கு அந்த அம்மாள் எட்டியிருக்கிறார். அதனால்தான் கேட்கிறேன், கைக்குழந்தையை விடுதியில் ஏன் விட வேண்டும்? விடுதிக்குச் செலவிடும் பணத்தை வளர்ப்புக் குடும்பங்களுக்குக் கொடுங்கள்.

பள்ளியைப் பற்றி... தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். சரி. வாசலில் இதைக் கேட்கும் மனு இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.