கிரஞ்ச் டிரம்ஸ்: இந்த அடி யாருடைய அடி?

(இருட்டுத் திரை. ஒற்றைக் கிடார். பிறகு டிரம்ஸ்.)

கிடார் தனியாகத் தொடங்குகிறது. சில விநாடிகள்தான். டிரம்ஸ் இறங்கியதும் பாட்டின் எடையே மாறிவிடுகிறது. 1991 செப்டம்பரில் நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழு வெளியிட்ட 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு இது, 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'. வாசித்தவர் டேவ் க்ரோல். அப்போது அவருக்கு வயது 22.

கிரஞ்ச், அதாவது அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் பிறந்த கனமான ராக் இசை, என்றதும் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனின் குரலைப் பேசுவார்கள், கிடாரின் இரைச்சலைப் பேசுவார்கள். டிரம்மர் என்று வந்தால் "பயங்கரமா அடிப்பாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. சியாட்டில் பக்கத்து டிரம்மர்கள் ஒருவர் இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்தவர்கள். ஒருவர் கண்டுபிடித்த அடியை அடுத்தவர் வாங்கி வளர்த்தார். அதனால் ஒரு பாட்டைக் கேட்கும்போதெல்லாம் இந்த அடி யாருடையது என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேட்டால் நல்ல நல்ல கதைகள் வருகின்றன.

(வரைபடம்: வாஷிங்டன் மாநிலம். சியாட்டிலுக்குத் தென்மேற்கே, கடலோரம் அபர்டீன்.)

முதலில் டேல் க்ரோவர். அபர்டீன் என்ற மரம் வெட்டும் ஊரைச் சேர்ந்தவர். 1984-ல் மெல்வின்ஸ் குழுவில் சேர்ந்தார். பங்க் என்ற முரட்டு ராக் வாசிக்கும் குழுக்கள் எல்லாம் வேகத்தில் போட்டி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மெல்வின்ஸ் வேகத்தைக் குறைத்தது, நம்ப முடியாத அளவுக்குக் குறைத்தது. மெதுவாக வாசிப்பது டிரம்மருக்குச் சுலபம் என்று தோன்றும். உண்மையில் அதுதான் கஷ்டம். இரண்டு அடிகளுக்கு நடுவே அவ்வளவு வெற்றிடம் இருக்கும்போது, அடுத்த அடி துளி முந்தினாலும் பிந்தினாலும் பாட்டு சரிந்துவிடும். க்ரோவர் சரியவிட மாட்டார்.

1988 ஜனவரி 23 அன்று நிர்வாணா முதல்முறையாக ஒழுங்கான ஒரு ஸ்டுடியோவுக்குள் போனபோது, டிரம்ஸில் உட்கார்ந்தவர் இந்த க்ரோவர்தான். சியாட்டிலின் ரெசிப்ரோக்கல் ஸ்டுடியோ, ஒலிப்பதிவாளர் ஜாக் எண்டினோ. ஒரே நாளில் பத்துப் பாட்டு. செலவு 152 டாலர் 44 சென்ட். அன்று பதிந்தவற்றில் சில அடுத்த ஆண்டு 'ப்ளீச்' ஆல்பத்தில் அப்படியே இடம்பெற்றன.

'ப்ளீச்' ஆல்பத்தின் மற்ற பாட்டுகளில் வாசித்தவர் சாட் சானிங். இவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். 1990 ஏப்ரலில் நிர்வாணா விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகருக்குப் போய், ஸ்மார்ட் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் புச் விக்கிடம் புதுப் பாட்டுகளைப் பதிந்தது. விக்கும் ஒரு டிரம்மர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பதிந்த பாட்டுகளில் ஒன்று 'இன் ப்ளூம்'. அதற்கான டிரம்ஸ் அமைப்பை உருவாக்கியவர் சானிங். சில வாரங்களில் அவர் குழுவை விட்டுப் பிரிந்தார். ஓராண்டு கழித்து 'நெவர்மைண்ட்' ஆல்பத்துக்காக அதே பாட்டை மறுபடி பதிந்தபோது, க்ரோல் பெரும்பாலும் சானிங் போட்ட வழியிலேயே போனார். அடியின் பலம் க்ரோலுடையது, அடியின் யோசனை சானிங்குடையது.

இருவருக்கும் நடுவே ஒருவர் உண்டு, மட்ஹனி குழுவின் டேன் பீட்டர்ஸ். ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் படபடவென்று உருட்டுவதில் சியாட்டிலில் அவருக்கு இணை குறைவு. நிர்வாணாவுக்காக 'ஸ்லிவர்' என்ற ஒரு பாட்டில் வாசித்தார். 1990 செப்டம்பர் 22 அன்று ஒரே ஒரு மேடை ஏறினார். அன்று கூட்டத்தில் நின்று பார்த்தவர்களில் ஒருவர் டேவ் க்ரோல். அதே மாதம் அந்த இடம் க்ரோலுக்குப் போனது.

(திரையில்: ஒரு கட்டில், தலையணைகள், இரண்டு குச்சிகள்.)

சரி, க்ரோல். வர்ஜீனியாவின் ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்தவர். வீட்டில் டிரம்ஸ் இல்லாத நாட்களில் தலையணைகளை அடுக்கி வைத்து அடித்துப் பழகினார். டிரம் தோலில் அடித்தால் குச்சி தானாக எகிறும். தலையணையில் எகிறாது. ஒவ்வொரு அடிக்கும் கையே குச்சியைத் தூக்க வேண்டும். அந்த வலு எங்கிருந்து வந்தது என்று இதை வைத்தே யூகிக்கலாம்.

'டீன் ஸ்பிரிட்' தொடக்கத்தை இன்னொரு தடவை போடுகிறேன், கவனியுங்கள். இரண்டு குச்சிகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விழுகின்றன, ஒன்று மட்டும் மயிரிழை முந்தி. இதற்கு ஃப்ளாம் என்று பெயர். ஒற்றை அடியைவிடத் தடிமனாகக் கேட்கும். பங்க் உலகத்தில் வளர்ந்தவர் இதையும் அங்கிருந்துதான் எடுத்திருப்பார் என்று நானும் பல காலம் நினைத்தேன். 2021-ல் க்ரோலே சொல்லிவிட்டார்: கேப் பேண்ட், கேமியோ குழுக்கள், அப்புறம் ஷீக் குழுவோடு வாசித்த டோனி தாம்ப்சன். எல்லாமே ஃபங்க், டிஸ்கோ. ஆட வைக்கிற இசையின் அடிகள் அவை. இது தெரிந்த பிறகு அந்த ஆல்பம் எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. அவ்வளவு கோபமான பாட்டுக்கு ஏன் கால் தானாக ஆடுகிறது என்பதும் புரிந்தது.

1993 பிப்ரவரியில் நிர்வாணாவின் 'இன் யூட்ரோ' ஆல்பம் பதிவு. இடம் மினசோட்டாவின் பாக்கிடெர்ம் ஸ்டுடியோ. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி டிரம்ஸைச் சுற்றியும் அறை முழுக்கவும் ஏராளமான மைக் வைத்தார். டிரம்ஸோடு அந்த அறையின் எதிரொலியும் பதிவாகியிருக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் சுவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்றுகூடத் தோன்றும்.

(புதிய காட்சி. திரையில் 1, 2, 3, 4, 5, 6, 7 என்று எண்கள் ஓடுகின்றன.)

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமானவர், சவுண்ட்கார்டன் குழுவின் மேட் கேமரன். கிரஞ்ச் டிரம்மர்களில் ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் இவரைச் சொல்வேன்.

ராக் இசையில் நான்கு எண்ணிக்கை ஏறக்குறைய சட்டம். நம் மிருதங்கக்காரர்களுக்கு ஏழு பழகிய கணக்கு, மிஸ்ர சாபு. ராக் டிரம்மருக்கு அது வழுக்குப் பாறை. 'ஸ்பூன்மேன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமான கிடார் வரி ஏழில் போகிறது. 'அவுட்ஷைண்ட்' பாட்டிலும் ஏழு. 'ஃபெல் ஆன் பிளாக் டேஸ்' ஆறு. 'மை வேவ்' பாட்டில் ஐந்து வருகிறது. இவையெல்லாம் எல்லோரும் வானொலியில் கேட்டுத் தலையாட்டிய பாட்டுகள். ஒருவரும் தடுக்கி விழவில்லை. காரணம் கேமரன். கணக்கு எவ்வளவு கோணலாக இருந்தாலும் ஓட்டத்தை அவர் நிறுத்துவதில்லை. சுற்று முடிகிற இடத்தில் முட்டுக்கட்டை போடாமல் அடுத்த சுற்றுக்குள் வழிந்து போகிறார். கிடாரிஸ்ட் கிம் தாயில், இவருடைய பெற்றோர் கேரளத்துக்காரர்கள், இந்தக் கணக்குகளை முன்கூட்டியே திட்டமிட்டதில்லை என்றும், பாட்டு அமைந்த பிறகுதான் எண்ணிப் பார்ப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். கேமரன் வாசிப்பதைக் கேட்டால் அதை நம்ப முடிகிறது. கணக்குப் போட்ட வாடையே அதில் இல்லை.

'ஸ்பூன்மேன்' பாட்டில் இன்னொரு விஷயம். ஆர்ட்டிஸ் என்ற தெருக் கலைஞர் அதில் கரண்டிகளை வைத்துத் தாளம் போடுகிறார். கூடவே கேமரன் பாத்திரங்களைத் தட்டுகிறார், சமையலறைப் பாத்திரங்களேதான்.

ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் ஷான் கின்னி பற்றி ஒன்றிரண்டு செய்தி. 1990-ல் வந்த 'ஃபேஸ்லிஃப்ட்' ஆல்பத்தின் பதிவுச் சமயத்தில் அவர் கை முறிந்திருந்தது. மாவுக்கட்டை வெட்டி எறிந்துவிட்டு, பக்கத்தில் ஐஸ் வாளி வைத்துக்கொண்டு வாசித்தார். ஆனால் கின்னியை அறிய 1994-ல் வந்த 'நோ எக்ஸ்க்யூஸஸ்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். டிரம்ஸ்தான் பாட்டைத் திறந்து வைக்கிறது, துள்ளலாக, மென்மையாக. அவ்வளவு கனமான குழுவில் இப்படி ஒரு லேசான கை!

பேர்ல் ஜாம் கதையோ முழுக்க டிரம்மர்கள் கதை. 1990-ல் கிடாரிஸ்ட் ஸ்டோன் காஸர்ட் பாட்டுக்காரர் தேடி ஒரு டேப் தயாரித்தார். அதில் டிரம்ஸ் வாசித்துக் கொடுத்தவர் கேமரன். அந்த டேப்பை, பிறகு குழுவின் பாடகரான எட்டி வெட்டரிடம் சேர்த்தவர் ஜாக் அயன்ஸ், அவரும் டிரம்மர். 'டென்' ஆல்பத்தில் வாசித்தவர் டேவ் க்ரூஸன். பிறகு சில வாரங்கள் மேட் சேம்பர்லெய்ன், அடுத்து டேவ் அப்ரூஸீஸ், 1994-ல் அதே ஜாக் அயன்ஸ், 1998-ல் அதே கேமரன். 2025 வரை கேமரன் அங்கே இருந்தார்.

ஹோல் குழுவின் பாட்டி ஷெமலை விட்டுவிட்டுப் பேசுகிற பட்டியல்கள் எனக்கு வருத்தம் தருகின்றன. 1994 ஏப்ரலில் வந்த 'லிவ் த்ரூ திஸ்' ஆல்பத்தில் அமைதியும் வெடிப்பும் மாறி மாறி வரும் இடங்களையெல்லாம் தாங்குவது அவர் கை. அடுத்த ஆல்பத்தில், கேமரனை வைத்து சவுண்ட்கார்டனின் 'சூப்பர்அன்னோன்' ஆல்பத்தை எடுத்த அதே தயாரிப்பாளர், ஷெமலை நீக்கிவிட்டுக் கூலிக்கு வாசிக்கும் டிரம்மர் ஒருவரை வைத்துப் பதிந்தார். ஆல்பத்தில் ஷெமலின் பெயர் இருக்கிறது, வாசிப்பு இல்லை. அவர் குழுவை விட்டே போனார்.

சானிங்குக்கு நடந்தது இதன் தலைகீழ். 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் ஆறாவது பாட்டு 'பாலி'. அது மேடிசனில் பதிந்த பழைய பதிவேதான், மறுபடி பதியவில்லை. அதில் டிரம்ஸ் கிடையாது, சில இடங்களில் சிம்பல் என்ற உலோகத் தட்டின் ஒலி மட்டும் விழும். ஆல்பத்தில் அதை யார் வாசித்தார் என்று போடவில்லை. 2014-ல் ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாணாவைச் சேர்த்துக்கொண்டபோதும் சானிங்கின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவர் அரங்கில் உட்கார்ந்திருந்தார். மேடையில் நின்ற க்ரோல் எல்லோர் முன்னிலையிலும் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார், 'இன் ப்ளூம்' அடிகள் சானிங்குடையவை என்றும் சொன்னார்.

'பாலி'யை இப்போது போடுகிறேன். அந்த சிம்பல் ஒலி சாட் சானிங்.

(சிம்பல். திரை இருளுகிறது.)